விட்டோரியோ டி செட்டாவின் 'பராபோலா டி ஓரோ' (1955): சிசிலியில் ஒரு கோடை அறுவடை

படச்சுருள்:

பத்து நிமிடம் ஓடும் படம். சிசிலித் தீவின் உள்நாட்டில் கோடை அறுவடை. ஆட்கள் அரிவாளால் கோதுமை அறுக்கிறார்கள், கட்டு கட்டுகிறார்கள், களத்தில் பரப்பிக் கோவேறு கழுதைகளை மிதிக்க விடுகிறார்கள், தூற்றுகிறார்கள். கதை இவ்வளவுதான். விளக்கக் குரல் கிடையாது. காதில் விழுவதெல்லாம் வேலை செய்கிறவர்களின் பாட்டு, கூப்பாடு, அந்த இடத்துச் சத்தம்.

எடுத்தவர் விட்டோரியோ டி செட்டா. 1923-இல் பலெர்மோவில் பிறந்தவர், 2011-இல் காலமானார். 1954 முதல் 1959 வரை சிசிலி, சார்டீனியா, கலாப்ரியா என்று தெற்கு இத்தாலி முழுக்க அலைந்து பத்துக் குறும்படங்கள் எடுத்தார். வாள்மீன் வேட்டை, கந்தகச் சுரங்கம், ஈஸ்டர் ஊர்வலம், சூரை மீன்பிடிப்பு, ஆட்டிடையர்கள் என்று ஒவ்வொன்றும் ஒரு உழைப்பு அல்லது ஒரு சடங்கு. எரிமலைத் தீவுகளைப் பற்றிய 'இசோலே டி ஃபுவோகோ' 1955 கான் விழாவில் பரிசு வாங்கியது. பிறகு 1961-இல் 'பந்தீத்தி அ ஓர்கோசோலோ' என்ற முழுநீளப் படம் எடுத்து வெனிஸில் முதல் படத்துக்கான பரிசும் வாங்கினார்.

அந்தக் காலத்து இத்தாலியத் தியேட்டர்களில் மெயின் படத்துக்கு முன்னால் பத்து நிமிட ஆவணப்படம் ஒன்று போடுவார்கள். அதற்கு அரசு மானியம் உண்டு. மானியத்துக்காகவே தயாரித்துத் தள்ளிய சரக்குதான் பெரும்பாலும். படம் என்ன காட்டினாலும் மேலே ஒரு கணீர் குரல் பாடம் நடத்திக்கொண்டே இருக்கும். நம் ஊர்த் தியேட்டரில் அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் படம் ஓடும்போது வெளியே டீ குடிக்கப் போனவர்களுக்கு இந்த வகை நன்றாகத் தெரியும். டி செட்டா அந்தப் பத்து நிமிட அளவை மட்டும் வைத்துக்கொண்டு குரலைத் தூக்கி எறிந்தார். கூட ஓரிரண்டு பேர்தான். கேமரா, எடிட்டிங் எல்லாம் பெரும்பாலும் அவரே.

பார்த்தவர்கள் எழுதுங்கள். குறிப்பாக அறுப்பு, களம், தூற்றல் எல்லாம் நேரில் தெரிந்தவர்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று அறிய ஆசை.

கருவக்காடு:

பார்த்தேன் தோழர். அழகான படம். அந்த அழகுதான் எனக்கு இடிக்கிறது.

நிலம் யாருடையது? விளைந்ததில் அறுத்தவனுக்கு எவ்வளவு? படம் இதைப் பற்றி ஒரு சொல் சொல்வதில்லை. 1955-இல் சிசிலியில் கோதுமை வயலைப் படம் எடுக்கப் போனவர் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போயிருக்கிறார் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை. அந்த வயல்களுக்காக ஆட்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. பொன்னிற வயலும் வியர்வை முகமும் பார்த்துத் தியேட்டரில் உட்கார்ந்திருந்த நகரத்து ஆட்கள் "ஆஹா, மண்ணின் மைந்தர்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குத் தயாராகியிருப்பார்கள்.

டி செட்டா பிரபு வம்சத்துப் பிள்ளை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒலிவாங்கி:

அரசியலை நீங்கள் பேசுங்கள், நான் சத்தத்தைப் பற்றி மட்டும்.

இந்தப் படத்தில் காட்சியும் சத்தமும் ஒரே நேரத்தில் பதிவானவை இல்லை. அப்போது கேமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் ஒன்றோடொன்று இசைந்து கையில் தூக்கிக்கொண்டு ஓடும் நிலைக்கு வரவில்லை. அது 1960-ஐ ஒட்டித்தான் வந்தது. 1955-இல் ஊருக்குள் போய்ப் படம் பிடித்தவர்கள் பெரும்பாலும் ஊமையாக எடுத்துக்கொண்டு வந்து, ஸ்டூடியோவில் இசையையும் குரலையும் ஒட்டினார்கள். டி செட்டா டேப் ரெக்கார்டரைக் களத்துக்கே கொண்டுபோனார். பாட்டு, அதட்டல், மிருகங்களின் சத்தம் எல்லாவற்றையும் தனியாகப் பதிந்துகொண்டு, எடிட்டிங் மேஜையில் படத்தையும் ஒலியையும் சேர்த்துப் பின்னினார்.

இதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது. பாடுகிற குரல் கேட்கும், ஆனால் எந்த வாய் பாடுகிறது என்று திரையில் தேட முடியாது. அந்தக் குரல் ஒருவருடையதாக இல்லாமல் வயலுடையதாக ஆகிவிடும். ஹெட்ஃபோன் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

இதற்கு மேல் ஒரு விளக்கக் குரல் வந்து உட்கார்ந்திருந்தால் அத்தனையும் அமுங்கிப் போயிருக்கும். கருவக்காடு கேட்கிற தகவல் வந்திருக்கும், இந்தக் காது போயிருக்கும்.

வடகரை:

நான் சினிமா ஆள் இல்லை. பேரன் போட்டுக் காட்டினான். வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கதிர் நன்றாகக் காய்ந்து மொறமொறவென்று இருந்தால்தான் மிதியில் மணி கழலும். காலை ஈரத்தில் விட்டால் மிருகம் நடந்ததுதான் மிச்சம். அதனால் மற்ற வேலைக்காரன் நிழல் தேடுகிற உச்சி வெயிலில்தான் களத்துக்காரனுக்கு வேலை. படத்தில் அந்த வெயில் தெரிகிறது. ஆள் நடுவில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்ள, மிருகம் சுற்றி வருகிறது. ஒரே பக்கமாகச் சுற்றவிடக் கூடாது, கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் திசை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் தலை சுற்றும், மிருகத்துக்கும் ஆளுக்கும். சுற்றிலும் நிற்பவர்கள் வெளியே தெறித்த தாளைக் கவைக்கோலால் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வால் தூக்கினால் ஓடிப்போய்ச் சாணியைப் பிடிக்க ஒரு பையன் வேண்டும். எங்கள் களத்தில் அந்தப் பையன் நான்தான்.

நெல்லுக்கும் கோதுமைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நெல் தாளை மிதித்தாலும் வைக்கோல் நீளமாகவே நிற்கும், வாரிப் போர் போடலாம். கோதுமைத் தாள் மிதிபட்டு மிதிபட்டுத் துண்டு துண்டாக ஒடிந்துவிடும். அதனால் மணியையும் தாளையும் கையால் பிரிக்க முடியாது. காற்று வந்தே தீர வேண்டும். காற்று வராவிட்டால் சோறு இல்லை.

தூற்றுகிற காற்று பலமாக இருப்பதைவிட நிதானமாக இருப்பதுதான் முக்கியம். விட்டு விட்டு அடித்தால் பதரும் மணியும் ஒரே இடத்தில் விழும். எவ்வளவு உயரம் தூக்கிப் போடுவது, எந்தப் பக்கம் சாய்த்துப் போடுவது என்பதெல்லாம் கை சொல்கிற கணக்கு. அந்த ஆட்கள் வேலை தெரிந்த ஆட்கள். கேமராவுக்காக நடித்த கை மாதிரி தெரியவில்லை.

படச்சுருள்:

வடகரை ஐயா, இதற்காகத்தான் இழையைத் தொடங்கினேன். திசை மாற்றும் விஷயத்தை நான் கவனிக்கவே இல்லை.

கருவக்காடு, பிரபு வம்சம் என்பது உண்மை. அது முழுக் கதை இல்லை. 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தபோது டி செட்டா கடற்படையில் இருந்தார். ஜெர்மானியர்கள் பிடித்துப் போனார்கள். முசோலினியின் மிச்சசொச்ச அரசோடு சேர்ந்தால் ஊருக்குத் திரும்பலாம் என்ற வாய்ப்பை மறுத்து முகாமிலேயே இருந்தார். அங்கேதான் சாதாரண ஆட்களோடு சரிசமமாக முதன்முதலாக வாழ்ந்தார். அதற்குப் பிறகுதான் இந்தப் படங்கள்.

அப்புறம், குரல் இல்லாமல் விட்டதே ஒரு நிலைப்பாடுதான் என்பேன். அந்தக் குரல் யாருடைய குரலாக இருந்திருக்கும்? ரோமிலிருந்து பேசும் படித்த இத்தாலியனின் குரல். விவசாயிகள் பேசியது சிசிலி மொழி, திரையரங்கில் கேட்பது ரோம் இத்தாலி. அவர்களைப் பற்றி அவர்களுக்கே தெரியாத மொழியில் விளக்கம் சொல்லாமல் விட்டது மரியாதை.

கருவக்காடு:

முகாம் கதைக்கு மரியாதை. ஆனால் மரியாதையாக வாயை மூடிக்கொண்டால் ஜமீனுக்குத்தான் லாபம். அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், தெரியாதவர்களுக்காக.

சிசிலியின் உள்நாட்டில் நிலம் பெரும் பெரும் பண்ணைகளாக இருந்தது. சொந்தக்காரப் பிரபு பலெர்மோவிலோ ரோமிலோ இருப்பார். நடுவில் கபெல்லோட்டோ என்று ஒரு குத்தகைதாரன். மொத்தப் பண்ணையையும் குத்தகைக்கு எடுத்துத் துண்டு துண்டாக விவசாயிகளுக்கு உள்குத்தகை விடுவான். அவனுக்குக் கீழே துப்பாக்கியோடு குதிரையில் சுற்றும் காவல்காரன். மாஃபியா என்று உலகம் சொல்வது பெரும்பகுதி இந்த நடுத்தட்டிலிருந்து வளர்ந்ததுதான். பங்கு பிரிப்பது களத்தில், தூற்றி முடித்த குவியலுக்கு முன்னால். விதைக்கு இவ்வளவு, காவலுக்கு இவ்வளவு, அதற்கு இதற்கு என்று பிடித்தம் போக விவசாயி கையில் வருவது பல வருஷம் அடுத்த விதைப்பு வரைக்கும் காணாது.

1944-இல் வேளாண் அமைச்சராக இருந்த ஃபாவுஸ்தோ குல்லோ, தரிசாகக் கிடக்கும் பண்ணை நிலங்களை விவசாயிகளின் கூட்டுறவுகள் எடுத்துப் பயிர் செய்யலாம் என்று ஆணை போட்டார். ஊர் ஊராகச் செங்கொடியோடு, சில இடங்களில் புனிதர்களின் படங்களோடு, கோவேறு கழுதையில் ஏறிப் போய் நிலத்தில் இறங்கினார்கள். 1947 மே 1 அன்று பொர்த்தெல்லா தெல்லா ஜினெஸ்திராவில் மே தினத்துக்குக் கூடியிருந்த விவசாயிகள் மீது கொள்ளைக்காரன் சால்வத்தோரே ஜூலியானோவின் கும்பல் சுட்டது. 11 பேர் செத்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. அடுத்த மார்ச்சில் கொர்லியோனேயில் தொழிற்சங்கத் தலைவர் பிளாச்சிதோ ரித்ஸோத்தோவைக் கடத்திக் கொன்றார்கள். இப்படிச் செத்த தலைவர்கள் பட்டியல் நீளம்.

அப்புறம் 1950 டிசம்பரில் சிசிலி வட்டார சட்டசபை நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. உச்சவரம்பு 200 ஹெக்டேர். கிட்டத்தட்ட 500 ஏக்கர்! அதிலும் பிரபுக்கள் முந்திக்கொண்டு விற்றார்கள், உறவுக்காரர் பேரில் மாற்றினார்கள். பிரித்துக் கொடுத்ததில் பெரும்பகுதி தண்ணீர் இல்லாத மேட்டு நிலம்.

டி செட்டா கேமரா தூக்கிக்கொண்டு வந்தது இதற்கெல்லாம் ஐந்து வருஷம் கழித்து. படத்தில் வரும் அந்த முகங்களில் எத்தனை பேர் அந்தக் கொடியோடு போனவர்கள்? பொர்த்தெல்லாவில் சொந்தக்காரனைப் பறிகொடுத்தவன் அதில் இருக்கலாம். படம் அவனை வெறும் கையாகவும் தோளாகவும் மட்டும் காட்டுகிறது.

பலெர்மோ பக்கம்:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனகாலமாய் பலெர்மோவில் இருக்கிறன். இஞ்ச எங்கட சனம் கனபேர். ஞாயிற்றுக்கிழமையில் மொந்தே பெல்லெக்ரினோ மலையில் சாந்தா ரொசாலியா குகைக்கு ஏறினால் இத்தாலிச் சனத்தோடு தமிழ்ச் சனத்தையும் காணலாம், சைவக்காரரும் வருவினம். இந்த இழையைப் பார்த்தவுடன எழுதவேணும் போல இருந்தது.

நான் முந்தி ஒரு வயது போன ஐயாவைப் பார்த்துக்கொள்ளுற வேலையில் இருந்தனான். அவர் உள்நாட்டில் கல்தனிசெத்தா பக்கம். சின்னப் பெடியனாய் அறுவு வெட்டப் போனவர். அவர் சொன்னதுகளை வைச்சுச் சில விஷயம்.

அங்கத்தைய ஊர்கள் எங்கட ஊர் மாதிரி வயலுக்கு நடுவில் இல்லை. மலை உச்சியில் ஆயிரக்கணக்கான சனம் நெருக்கிக்கொண்டு இருக்கிற பட்டினங்கள். வயலோ தொலைவில். விடிய முந்தி கோவேறு கழுதையில் வெளிக்கிட்டு மணித்தியாலக் கணக்காய்ப் போகவேணும். அறுவு காலத்தில் ஆம்பிளையள் வீட்டுக்கே வராமல் வயலிலேயே படுப்பினம். மலேரியாப் பயத்திலயும் திருடர் பயத்திலயும் பட்டினத்தில் ஒதுங்கின சனம் அப்பிடியே இருந்திட்டுது எண்டு சொல்லுவினம். ஆரும் வேலைக்கு ஆள் வேணுமெண்டால் விடியக் காத்தால ஊர்ச் சதுக்கத்துக்கு வந்து நிக்கிற கூட்டத்தில் ஆளைத் தெரிஞ்சு கூட்டிக்கொண்டு போவான். தெரியப்படாதவன் திரும்பி வீட்டை போகவேணும்.

அந்த ஐயா தன்ர இடக்கை விரல்களைக் காட்டுவார். அறுக்கேக்க கதிரைப் பிடிக்கிற கை இடக்கை, அரிவாள் வலக்கையில். விரல் போகாமல் இருக்கிறதுக்கு நாணல் தடியைக் குழல் குழலாய் வெட்டி ஒவ்வொரு விரலுக்கும் போட்டிருப்பினம். அப்பிடிப் போட்டும் அவரின்ர சுண்டுவிரலில் ஒரு வெட்டு. "முதல் வருஷச் சம்பளம்" எண்டு சிரிப்பார்.

படத்தைக் காட்டினனான் அவருக்கு. கருவக்காடு அண்ணை கேக்கிற கேள்வி ஒண்டும் அவர் கேக்கேல்லை. கழுதையளைப் பார்த்து "நல்லாத் தீனி போட்டிருக்கிறாங்கள், இது பணக்காரன்ர கழுதை" எண்டார்.

ஒலிவாங்கி:

"பணக்காரன்ர கழுதை" என்பது இந்த இழையின் சிறந்த வரி. கருவக்காடு தேடின வர்க்கம் அங்கேதான் இருக்கிறது.

கருவக்காடு:

சரி, சிரித்துக்கொள்கிறேன். ஆனால் அதையேதான் நானும் சொல்கிறேன். அந்த ஐயாவுக்குக் கழுதையைப் பார்த்தால் போதும், உடைமைக்காரனைத் தெரிந்துவிடும். ரோமில் டிக்கெட் எடுத்தவனுக்குத் தெரியாது. தெரியாதவனுக்குச் சொல்வதுதானே படம் எடுப்பவன் வேலை?

அரைப்படி:

பத்து நிமிஷப் படத்துக்கு ஒரு பஞ்சாயத்து ஆபீஸே திறந்துவிட்டீர்கள். படத்தைப் பார்க்கும் நேரத்தைவிட இழையைப் படிக்கும் நேரம் அதிகம். தொடரட்டும், டீயோடு உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்றாம் வரிசை:

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பழைய படம் இருக்கிறது: ஜார்ஜ் ரூக்கியே எடுத்த 'ஃபர்ரெபிக்', 1946. தெற்கு பிரான்ஸில் அவெய்ரோன் பகுதியில் ரூக்கியேயின் உறவுக்காரர்கள் வாழ்ந்த ஒரு பண்ணைவீடு. அவர்களையே அவர்களாக நடிக்க வைத்து, நாலு பருவங்களாக ஒரு வருஷத்தை முழுநீளப் படமாக எடுத்தார். கான் விழாவின் முதல் வருஷத்திலேயே விமர்சகர்கள் பரிசு வாங்கியது.

டி செட்டா விட்டதெல்லாம் அதில் இருக்கிறது. வீட்டுக்கு மின்சாரம் இழுப்பதா வேண்டாமா என்று குடும்பத்துக்குள் பேச்சு. தாத்தா உயிரோடு இருக்கும்போதே பாகப்பிரிவினை, நோட்டரி, மூத்தவனுக்கு எவ்வளவு, இளையவனுக்கு எவ்வளவு. காசு, சொத்து, கூரை ஒழுகல் எல்லாம் பேசுகிறார்கள். அதே சமயம் விதை முளைப்பதையும் பூ விரிவதையும் வேகப்படுத்திக் காட்டும் காட்சிகள் அடிக்கடி வருகின்றன. எனக்கு அவை கொஞ்சம் திகட்டும், சிலருக்கு அதுவே உயிர்.

ஆனால் கவனியுங்கள்: ஃபர்ரெபிக் சொந்த நிலம் உள்ள குடும்பம். அவர்களுக்குப் பேச நிலம் இருந்தது, பேசினார்கள். அதோடு அது ஒன்றரை மணி நேரப் படம், எழுதி வைத்த வசனம். டி செட்டாவின் ஆட்களைப் பத்து நிமிடத்தில் பேச வைத்திருந்தால் யாரோ எழுதிய வசனத்தைத்தான் பேசியிருப்பார்கள்.

ரூக்கியே 1983-இல் அதே ஊருக்குத் திரும்பிப் போய் 'பிக்ஃபார்' எடுத்தார். முதல் படத்தில் வாலிபர்களாக இருந்தவர்கள் அதில் கிழவர்கள். டிராக்டர், பூச்சிமருந்து, பக்கத்துப் பண்ணையை விற்பது என்று உலகமே மாறியிருக்கும். இரண்டையும் அடுத்தடுத்து பார்க்க வேண்டும். ஒரே மூச்சில் வேண்டாம், இடையில் ஒரு நாளாவது விடுங்கள்.

வடகரை:

பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. களத்தில் அந்த ஆள் கழுதையைப் பார்த்துப் பாடுகிறானா, சாமியைப் பார்த்துப் பாடுகிறானா?

ஒலிவாங்கி:

இரண்டும்தான் ஐயா. சிசிலிக் களப்பாட்டில் மிருகத்தை அதட்டுவதும், செல்லம் கொஞ்சுவதும், புனிதர்கள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதும் ஒரே மூச்சில் வரும். தாளம் என்று கட்டாக ஒன்றும் கிடையாது. மிருகம் சுற்றுகிற வேகம்தான் தாளம். குரல் உச்சத்துக்குப் போய் நீண்டு நிற்கும், பிறகு சரிந்து இறங்கும்.

1954 கோடையில் தொடங்கி அமெரிக்க நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸும், இத்தாலிய இசை ஆய்வாளர் தியேகோ கர்ப்பிதெல்லாவும் சேர்ந்து சிசிலி உட்பட இத்தாலி முழுதும் வண்டியில் சுற்றிப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். களப்பாட்டு, சூரைமீன் வலை இழுக்கும் பாட்டு, கந்தகச் சுரங்கப் பாட்டு, உப்பளப் பாட்டு எல்லாம். டி செட்டா படம் எடுக்கத் தொடங்கியதும் அதே வருஷம், அதே தீவு, கிட்டத்தட்ட அதே தொழில்கள். லோமாக்ஸ் பதிவுகளைக் கேட்டுவிட்டு இந்தப் படத்துக்கு வந்தால் பின்னணியில் வருவது அலங்காரம் இல்லை, வேலைக்கருவி என்று புரியும். பாட்டு நின்றால் மிருகமும் நின்றுவிடும்.

பலெர்மோ பக்கம்:

வடகரை ஐயா, எங்கட பக்கம் இதைச் சூடு மிதிக்கிறது எண்டு சொல்லுவம். மட்டக்களப்பில் களத்தில் பொலிப் பாட்டு இருக்குது. அதிலயும் மாட்டை ஏவுறதும் தெய்வத்தைக் கூப்பிடுறதும் கலந்துதான் வரும்.

பெண்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல மறந்திட்டன். இந்தப் படத்தில் ஏன் எல்லாம் ஆம்பிளையளின்ர வேலையாய் இருக்குது எண்டு என்ர மகள் கேட்டவள். உள்நாட்டுச் சிசிலியில் தூரத்து வயலுக்குப் பெண்கள் வேலைக்குப் போறது குறைவு, குடும்ப மானம் எண்டு பார்ப்பினம். ஆனால் அறுத்து முடிஞ்ச வயலில் சிந்தின கதிர் பொறுக்கப் போறது ஏழைப் பெண்களும் பிள்ளையளும். அதுக்கும் காவல்காரனின்ர அனுமதி வேணும். அந்த ஐயாவின்ர அம்மா அப்பிடிப் போனவ.

கருவக்காடு:

அக்கா, நீங்கள் போகிற போக்கில் சொன்ன கதிர் பொறுக்கும் காட்சி ஒன்றே ஒன்று படத்தில் இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். குரல் வேண்டாம், வசனம் வேண்டாம். ஒரு தாயும் பிள்ளையும் குனிந்து பொறுக்குவதையும் குதிரையில் ஒருவன் நின்று பார்ப்பதையும் காட்டினால் போதும். மொத்தக் கணக்கும் வந்துவிடும்.

இதனால்தான் அவரது 'சுர்ஃபராரா' எனக்குப் பிடித்தது. அதே 1955, கந்தகச் சுரங்கம். சுரங்கத்துக்குள் யாரும் அழகாகத் தெரிய முடியாது. வெயிலும் கோதுமையும் எவனையும் அழகாக்கிவிடும், அதுதான் சிக்கல்.

படச்சுருள்:

இதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை: பத்துப் படங்களில் மிகவும் ஒளிமயமானது இதுதான், அதனாலேயே எளிதில் தவறாகப் பார்க்கப்படுவதும் இதுதான். ஆனால் ஒளியைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஜூன் மாதச் சிசிலி அப்படித்தான் இருக்கும். நவம்பரில் விதைத்து, குளிர்கால மழையில் வளர்த்து, மழை முற்றாக நின்ற பிறகு அறுக்கிறார்கள். பச்சை என்பதே அப்போது கண்ணில் படாது.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். உழைப்பைத் திறமையாகக் காட்டுவது ஒரு அரசியல். அந்தக் காலத்து வட இத்தாலியப் பத்திரிகைகளில் தெற்கத்தி விவசாயி சோம்பேறி, படிக்காதவன், காட்டான். டி செட்டா அவனை வேலை தெரிந்தவனாகக் காட்டினார். வடகரை ஐயா மேலே எழுதியதைப் படியுங்கள். அறுபது எழுபது வருஷம் கழித்து, வேறொரு கண்டத்தில், மொழி தெரியாத ஒருவர் அந்தக் கைகளைப் பார்த்து "வேலை தெரிந்த ஆட்கள்" என்கிறார். விளக்கக் குரல் இருந்திருந்தால் அவர் அந்தக் குரலுக்குச் சப்டைட்டில் தேடிக்கொண்டிருப்பார்.

கருவக்காடு:

திறமையைக் காட்டினார், ஏற்கிறேன். திறமைக்குக் கூலி என்ன என்று காட்டவில்லை, இதை நீங்கள் ஏற்க மறுக்கிறீர்கள். அந்த வேலை தெரிந்த ஆட்கள் அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் என்ன ஆனார்கள்? மிலானுக்கும் டூரினுக்கும் ரயில் ஏறினார்கள். ஜெர்மனிக்குப் போனார்கள். பெல்ஜியத்துக்கு 1946 ஒப்பந்தத்தின்படியே நிலக்கரிக்குப் பதில் ஆள் என்று அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1956 ஆகஸ்டில் அங்கே மார்சினெல் சுரங்கத்தில் 262 பேர் செத்தார்கள், அதில் 136 பேர் இத்தாலியர்கள். இந்தப் படம் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. களத்தில் அவ்வளவு அழகாகத் தூற்றத் தெரிந்தவன் எதற்காகச் சுரங்கத்துக்குப் போனான் என்பதற்குப் படத்தில் பதில் இல்லை.

மூன்றாம் வரிசை:

அதற்குப் பதில் 1959-இல் வந்த 'இ திமென்திகாத்தி'யில் இருக்கிறது கருவக்காடு. மறக்கப்பட்டவர்கள் என்று தலைப்பு. கலாப்ரியா மலையில் அலெஸ்ஸாந்த்ரியா தெல் கர்ரெத்தோ என்ற ஊர், போக ரோடே இல்லை. ஊருக்குச் சாமான் எல்லாம் கழுதை முதுகில்தான். அங்கே வருஷத்துக்கு ஒருமுறை காட்டிலிருந்து ஒரு பெரிய தேவதாரு மரத்தை வெட்டி ஊரே சேர்ந்து இழுத்து வந்து நட்டுத் திருவிழா கொண்டாடுவார்கள். அரசாங்கம் கைவிட்டதையும் ஊர் கொண்டாடுவதையும் ஒரே படத்தில் வைத்தார். பத்தில் கடைசிப் படம் அது. அதற்குப் பிறகு அவர் இந்த வகைக் குறும்படத்தையே விட்டுவிட்டார், அடுத்த படமான 'பந்தீத்தி அ ஓர்கோசோலோ'வில் செய்யாத குற்றத்துக்குப் பழி விழுந்த ஒரு இடையனின் கதைக்குப் போய்விட்டார். ஆக நீங்கள் கேட்கிற கேள்வியை அவரே தனக்குள் கேட்டிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

கருவக்காடு:

அப்படியென்றால் 1955-இல் அவர் இன்னும் அங்கே வந்து சேரவில்லை என்றுதான் அர்த்தம். நான் சொல்வதும் அதுதான்.

மூன்றாம் வரிசை:

வந்து சேராதவர் எடுத்ததை நீங்கள் வந்து சேர்ந்தவர் மாதிரி எடை போடுகிறீர்கள் :)

வடகரை:

தம்பிகளா, சண்டை நடக்கட்டும். எனக்கு இன்னொரு சந்தேகம். களம் மண் களமா, கல் பாவினதா? படத்தில் தூசி பறப்பதைப் பார்த்தால் மண் மாதிரி இருக்கிறது. மண் களம் என்றால் மெழுகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மணியோடு மண் சேர்ந்துவிடும். சாணி கிடைக்காத ஊரில் எதை வைத்து மெழுகுவார்கள்?

பலெர்மோ பக்கம்:

ரெண்டும் இருக்குது ஐயா. கல் பாவின களங்கள் மலைப் பக்கத்தில் இப்பவும் பாழாய்க் கிடக்குது, வட்டமாய், நடுவில் புல் முளைச்சு. மண் களத்தை எப்பிடி மெழுகிறவை எண்டு அந்த ஐயாவிட்டக் கேக்க ஏலாது, அவர் போயிட்டார். அவரின்ர மகள் எங்கட தெருவில்தான் இருக்கிறா. ஞாயிற்றுக்கிழமை கண்டால் கேட்டு எழுதுறன். இப்ப அந்தப் பக்க வயல் முழுக்க கம்பைன் மெஷின்தான். ரெண்டு நாளில் வெட்டி அடிச்சு மூட்டையாக்கிப் போடும். பாஸ்தாவுக்குப் போற கெட்டிக் கோதுமைதான் இப்பவும், பயிர் மாறேல்லை.

படச்சுருள்:

கேட்டு எழுதுங்கள் அக்கா. பார்க்காதவர்களுக்கு: போலோஞ்ஞாவின் சினெத்தேக்கா என்ற படக் காப்பகம் பத்துப் படங்களையும் மீட்டெடுத்திருக்கிறது, மார்ட்டின் ஸ்கார்செஸி நடத்தும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் அதற்கு உதவியது. 'இல் மோந்தோ பெர்துத்தோ' என்று டிவிடி தொகுப்பாகவும் வந்தது. யூட்யூபில் கிடக்கும் வெளிறிப்போன பிரதியைப் பார்த்துவிட்டு நிறம் பற்றி யாரும் வழக்கு போட வேண்டாம்.

கருவக்காடு, அடுத்து 'சுர்ஃபராரா'வுக்கு நீங்களே தனி இழை தொடங்குங்கள். கூலிக் கணக்கை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

கருவக்காடு:

தொடங்குகிறேன். வடகரை ஐயா அங்கேயும் வர வேண்டும்.

வடகரை:

சுரங்கம் எனக்குத் தெரியாதே. கழுதை இருந்தால் வருகிறேன்.